காசிமேட்டுக்குக் கிழக்கே

ஆறு கடல் மைலில்
இரண்டு புள்ளிகள்.

ஒன்று பளிச்சென்று,
ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவில்,
ஆதார் அட்டை முகம்போல் அசையாமல்.
மத்தியானம் நாங்களே மிதக்கவிட்ட
தகர முக்கோணம் அது.
கணினிக்கு அதன்மேல்தான் கண்.

மற்றது தேசப்பன் படகு.
ஒரு சுற்றில் கொழுக்கும், அடுத்ததில் இளைக்கும்,
மூன்றாவதில் காணாமலே போகும்.
அலை புரட்டப் புரட்ட
விலா காட்டும், முதுகு காட்டும்.
அதிர்வெண் வரைபடத்தில் மட்டும்
விசிறி சுழலும் வேகத்துக்கு
இருபுறமும் பேன்சீப்பின் பற்கள்.
தகரத்துக்குப் பல் முளைக்காது.

ஒன்பது நாற்பதுக்குப் பற்கள் உதிர்ந்தன.
திரையில் கணினி எழுதியது: போலி.
நீக்கவா என்று கேட்டது.

வயர்லெஸ்ஸை எடுத்தேன்.
"இன்னாண்ணே, இஞ்சின் நின்னுடுச்சா?"
"நாங்கதாம்மா நிறுத்தினோம். துன்னுட்டிருக்கோம்.
தெரியிறோமா?"

பச்சையில் ஒரு மங்கல்
வந்தது, போனது.
போனது.
வந்தது.

"தெரியிறீங்க," என்றேன்.
"மெதுவா சாப்பிடுங்க."

திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.
கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.