மேகமூட்டம்: இல்லை

காலை ஐந்து நாற்பது. அண்ணாமலைச்சேரித் துறை.
கத்திரி தொடங்கி எட்டாம் நாள்.
ஏரி கரையை விட்டு ஒதுங்கிப் போயிருக்கிறது,
கடன் கொடுத்தவன் வீட்டுத் தெருவைச்
சுற்றிப் போகிறவன் மாதிரி.

படகைத் தள்ளத் தள்ளச் சேறு.
மஸ்தானய்யா இறங்கி இடுப்பால் முட்டுகிறார்.
"நீள்ளு லேவு சார்."
பிறகு எனக்காகத் தமிழில்:
"தண்ணி செத்துப்போச்சு."
படிவத்தில் எழுதினேன்:
நீர்மட்டம், குறைவு.

ஆறு பத்து. நெடுங்கால் உள்ளான், இருபத்தாறு.
அத்தனை நீளக் கால்களுக்கு
நனைய ஆழம் கிடைக்கவில்லை.

ஆறு முப்பது. கூழைக்கடா, ஒன்பது.
ஒன்று மட்டும் கழுத்தைப் பின்னால் சாய்த்து
மடவையை விழுங்கியது,
மாத்திரை போடும்போது என் மனைவி செய்வதுபோல்
கண்ணை மூடிக்கொண்டு.

ஏழு மணிக்குச் செம்பருந்து, ஒன்று.
ஏழேகாலுக்கும் செம்பருந்து.
அதே ஆசாமிதான். எழுதவில்லை.

பூநாரைக் கூட்டமெல்லாம் எப்போதோ வடக்கே போயாச்சு.
மிச்சம் நாற்பத்தொன்று,
நிறம் இன்னும் ஏறாத இளசுகள்.
எங்கோ ஒரு மோட்டார் படகு இருமியது. எழுந்தன.
எழுந்தபோதுதான் தெரிந்தது,
அக்குளில் சேர்த்து வைத்திருந்த கொஞ்சம் சிவப்பு.
அப்படியே ஆந்திராவுக்குப் போய்விட்டன.

போன் போட்டேன்.
அந்தப் பக்கம் எண்ணுவது சுஜனா, சூளூர்ப்பேட்டைக்காரி.
"நாற்பத்தொன்று வருது. எழுதிடாதீங்க, அது என்னோடது."
"இப்ப என் தண்ணியில நிக்குதே" என்று சிரித்தாள்.
எண்ணினாள்.
"முப்பத்தெட்டுதான் இருக்கு. மூணு எங்க?"
இரண்டு மாநிலத்திலும் இல்லாத மூன்று பூநாரை.

பத்துக்கு மேல் மணல் திட்டு.
செருப்பைத் தாண்டிச் சுடுகிறது.
உமரி சிவந்து கிடக்கிறது. நரித்தடம், பழையது.
கடல் பக்கம் ஓர் ஆமைக்குஞ்சு,
இரவில் பொரியத் தவறி, பகலில் வழி தவறி.
எறும்புகள் முதலில் கண்டுபிடித்திருந்தன.
உயிருடன்: பூஜ்யம். இறந்தது: ஒன்று.

பதினொன்று இருபது.
மஸ்தானய்யா சட்டையைப் பிடித்து இழுத்தார்.
மிதித்திருப்பேன்.
வெறும் மணலில் இரண்டு முட்டை,
மணலே புள்ளி வைத்துக்கொண்டதுபோல்.
சின்ன ஆலா.

தள்ளிப் போய் உட்கார்ந்தோம்.
அது தண்ணீருக்குப் பறந்து, வயிற்றைத் தோய்த்து,
சொட்டச் சொட்டத் திரும்பி வந்து
முட்டைகளின் மேல் நின்றது.
அடைகாப்பது என்று இதை எப்படிச் சொல்ல?
சூடு கொடுக்கவில்லை,
சூட்டை வாங்கிக்கொண்டது.
வயிறு காய்ந்ததும் மறுபடி தண்ணீருக்கு.
தாயா தகப்பனா தெரியவில்லை.
ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு தடவை.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இடம்' என்ற கட்டம் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வரும் பையன்களின்
டயர் தடம் இருபதடியில் இருந்தது.
தெற்குத் திட்டு என்று எழுதினேன்.
இது தெற்குத் திட்டு இல்லை.

திரும்பும்போது காற்றே இல்லை.
ஏரி நடுவில் மஸ்தானய்யா துண்டைத் தண்ணீரில் முக்கி
தலையில் போட்டுக்கொண்டார்.
இன்னொன்றை முக்கி, பிழியாமல்,
என் மேல் எறிந்தார்.

கரை ஏறியதும் போனில் சுஜனாவின் செய்தி:
ஒண்ணு வந்துருச்சு.
ரெண்டு இன்னும் வரல.