மூன்றாவது பெட்டி

டீசல் பீப்பாயைப் படுக்கவைத்து
மூன்று நாள் விறகெரித்தேன், உள்ளிருந்த நாற்றம் போக.
நாலாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு
ரமீசா சொன்னாள்:
இதில் சுட்டதைத் தின்றால்
எஞ்சின் இல்லாமலே கடலுக்குப் போகலாம்.

பெரியபட்டினத்தில் பழைய இரும்புக்குக் காட்டுராசா.
கிலோ முப்பத்தெட்டு. பேரம் இல்லை.
தடைக்காலம். கரையேறிய படகுகளின் வயிற்றைச் சுரண்டுகிற சத்தம்
அவன் கடை வரைக்கும் வருகிறது.
எட்டு மில்லித் தகடு, கீல் நாலு,
விசைப்படகில் கழற்றிய சைலன்சர் ஒன்று.
புகைபோக்கிக்கு, என்றேன்.
"ஆயுசு பூரா புகைதானே குடிச்சுது,
பழக்கம் இருக்கும்."

தீ இறைச்சிக்குக் கீழே இருக்கக் கூடாது.
இந்த வேலையில் அதுதான் எல்லாம்.
பக்கத்தில் தீக்கூடு, அரை அடி தாழ்த்தி.
அங்கே எரியும், இங்கே வேகும்.
நடுவில் இரண்டு கை நுழைகிற துளை.
தம்மாமில் பதினோரு வருஷம்
குழாய்க்கு வாய் வெட்டியவன் நான்.
இந்தத் துளையை வெட்டும்போது
அதையெல்லாம் நினைக்கவில்லை.
ராடு தீர்ந்துகொண்டிருந்தது,
கரண்டு போய்ப்போய் வந்தது.

மூன்றாவது பெட்டிதான் சிக்கல்.
வெந்தது ஆறாமல் இருக்க
புகை மேலேறுகிற வழியில் ஒரு சின்ன அறை.
யாருக்கு, என்றாள்.
லேட்டா வர்றவங்களுக்கு.
யாரு வர்றா, என்றாள்.

தகடு மிச்சமில்லை.
அவளே பீரோவைக் காட்டினாள்.
கல்யாணத்துக்கு வந்தது; உப்புக்காற்று காலைத் தின்று
ஒருக்களித்து நின்றது.
லாக்கர் மட்டும் புதுசு மாதிரி.
உள்ளிருந்ததைப் பிரியாணிச் சட்டியில் கொட்டினாள்:
அடகுச் சீட்டு, வீட்டுப் பத்திரம்,
ஒற்றைக் கம்மல், என் பாஸ்போர்ட்.
பச்சைப் பெயின்ட்டை எரித்துச் சுரண்டினேன்.
சாவியை மட்டும் அவள் தரவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, முதல் தீ.
கட்டை சீமைக்கருவேலம். இந்த ஜில்லாவில் வேறென்ன இருக்கிறது.
ஊரே திட்டுகிற மரம்,
ஊரே அடுக்கி விற்கிற கரி.
மசாலா ஏறிய ஆட்டுத் தொடை, ஓரமாக இரண்டு பாறை மீன்.

புகை சொன்ன வழியில் போகவில்லை.
தீக்கூட்டின் வாய் வழியே என் முகத்துக்கு வந்தது.
துளையைச் சந்தேகித்தேன். பற்றவைப்பைச் சந்தேகித்தேன்.
வேலிக்கு அந்தப்புறம் வலை பொத்திக்கொண்டிருந்த எஸ்தாக்கி
காதிலிருந்து பாட்டைக் கழற்றினான்:
"சோழகம் அடிக்கிறப்ப
தெக்க பார்த்தா வாயைத் தொறந்து வைப்பாக?"

எரிகிறதை எரிகிறபடியே
ஈரச்சாக்குப் பிடித்து நாலு பேர் வடக்கே திருப்பினோம்.
மணலில் நாலு வளைந்த கோடு.
புகை கொஞ்சம் யோசித்தது.
பிறகு உள்ளே போனது.

எட்டு மணி நேரம்.
இஷா தொழுதுவிட்டு வந்தேன், வேகவில்லை.
மாஜிதா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
மீன் எப்போதோ கருவாடாகியிருந்தது, யாரும் சொல்லவில்லை.
நடுச்சாமத்தில் தொடை எலும்பை விட்டது.
பிள்ளை பங்கை லாக்கரில் வைத்துக்
கையால் தொட்டுப் பார்த்தேன்:
காய்ச்சல்காரன் நெற்றி. போதும்.

ஐப்பசியில் மழை பிடித்தது.
உப்பு ஜாடி கசிந்தது,
வத்திக்குச்சி உரசினால் மருந்து உதிர்ந்தது.
முந்தின ராத்திரி கீழக்கரைக் கல்யாணத்துக்கு
இருபது கோழி சுட்டிருந்தேன்.
காலையில் பார்த்தால்
சாவி பூட்டிலேயே தொங்குகிறது.
உள்ளே உப்பு ஜாடி, வத்திப்பெட்டி இரண்டு,
பூஞ்சணம் துடைத்து விரித்துக் கவிழ்த்த
என் பாஸ்போர்ட்.
இளஞ்சூடு. கருவேல வாசம்.
இன்னும் நாலு மாசம் செல்லும்.

வைத்த மாதிரியே வைத்து மூடினேன்.
அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம்
நின்றுவிட்டு
மறுபடி தொடங்கியது.