ஒரு படி அதிகம்

முதல் படத்தில் பேயே கிடையாது.
பேய் செய்யப் பணம் இல்லையாம் அவர்களிடம்.
ஒரு வீடு, பத்துப் படிகள், ஒரு விதவை.
இரவில் யாரோ ஏறிவரும் சத்தம்.
போர்வைக்குள் அவள் எண்ணினாள்,
அரங்கமே உதடசைத்து எண்ணியது:
எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்று.

அவ்வளவுதான். திரை இருண்டுவிட்டது.

வெளியே பூன்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஆட்களைக் கடலுக்குத் தள்ளிவிடாதிருக்க
தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றியபடி
வீட்டுக்கு நடந்தோம்.
ரொசெந்தோவின் நகங்கள் என் மணிக்கட்டில்
நான்கு பிறைகள் பதித்திருந்தன.
துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன்,
நாற்பது டன்னை ஒற்றை விரலால் இறக்குகிறவன்.
"நீ பயந்துவிடுவாயோ என்று பிடித்தேன்" என்றான்.
ஒரு மாதம் விளக்கை அணைக்காமல் தூங்கினோம்.
மின்கட்டணச் சீட்டு வந்த அன்று
இருவரும் வாயே திறக்கவில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து இரண்டாம் பாகம்.
ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஜூனில்
மூன்று டிக்கெட்: அவன், நான், யஸ்னா.

இப்போது பணம் இருக்கிறது அவர்களிடம்.
படிகள் பளிங்கில், அதுவும் முப்பது.
பதினோராவது படி கதவாகத் திறக்கிறது,
கீழே நிலவறை, அதற்குள் பற்கள்,
பற்களுக்குள் இன்னும் சில பற்கள்.
ஒரு பாதிரியார் வந்து
கால் மணி நேரம் பேயின் ஜாதகத்தை விரிக்கிறார்:
யார் பெற்றது, எந்த ஏரியில் மூழ்கியது,
எதற்காக நடக்கிறது, எந்தத் தண்ணீர் தெளித்தால் நிற்கும்.
அரண்டவன் கண்ணுக்கு இருட்டே போதும்,
இவர்கள் விளக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள்.
பத்துப் படியில் ஏறியது அசல்.
இது அதன் படி,
என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யஸ்னா அலறினாள்.
பதினாறு வயது. முதல் படம் வந்தபோது பிறக்காதவள்.
அவள் சோளப்பொரி முழுதும்
முன்வரிசை வுகாசோவிச்சின் வழுக்கையில் கொட்டியது.
இருட்டில் துழாவி என் கையைப் பிடித்தாள்,
அதே மணிக்கட்டு.
அவளிடம் எப்படிச் சொல்வேன், இது நன்றாக இல்லை என்று?
அவளுக்கு இதுதான் முதல் படம்.

ரொசெந்தோ
பற்கள் வந்த இடத்தில் குறட்டை விட்டான்.

இரவு.
அவன் கணப்பைக் குறைத்துவிட்டு வருவான்,
நான் மேலே போர்வைக்குள்.
எங்கள் வீட்டில் பதின்மூன்று படி.
எண்ண வேண்டும் என்று நினைக்கவே இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று,
பலகை முனகும் நான்கு,
ஐந்து, ஆறு, ஏழு.

ஏழுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

மார்ச் மாதம் அவன் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.
காற்றும் அப்போது பார்த்துத்தான் நின்றிருந்தது,
கூரை வாய் மூடிக்கொண்டது,
பக்கத்து அறையில் யஸ்னாவின் சிரிப்புகூட இல்லை.
பாதிரியார் இல்லை, ஏரி இல்லை,
யாரும் வந்து காரணம் சொல்லவில்லை.
எண்ணிக்கை கூடினால் பயந்த வயது அது,
பத்தொன்பது வருடம் முன்பு.
இப்போது கூடட்டும், பதினான்கு கேட்கட்டும்,
பதினைந்து கேட்டாலும் கதவைத் திறந்து
உள்ளே வா என்பேன்.

எட்டு.

கைப்பிடியில் மோதிரம் உரசும் சத்தம்.
ஒன்பது. நெடு நேரம் கழித்துப் பத்து.
பதின்மூன்று வரை எண்ணிவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டான்:
"கடைசியில் அது செத்துச்சா?"

"இல்லை," என்றேன்.
"இன்னொரு பாகம் இருக்கிறதாம்."