இடைநில்லாப் பேருந்து

குன்றக்குடி தாண்டியதும் வாயில் இரும்பு ருசி.
வெற்றிலைச் சாறு என்று நினைத்து
முன் சீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார்.
இரண்டாம் முறை பைக்குள் விழுந்தது.
பத்து ரூபாய்த் தாளெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன.

"கண்டக்டருக்கு நேத்து ராத்திரி ஓவர்"
என்றது பின் படிக்கட்டு.
நான் குடித்ததே இல்லை.
சொல்வதற்கு
வாய் காலியாக இல்லை.

பெரியகருப்பன் கண்ணாடியில் பார்த்தான்.
பிறகு எந்த விசிலுக்கும் நிற்கவில்லை.
கோவிலூரில் மறித்தவர்கள்
நீட்டிய கையோடு பின்னால் போனார்கள்.
கத்தரிக்காய்க் கூடைக்காரம்மா
"என் ஸ்டாப்பு, எறக்கி விடுய்யா" என்று இரண்டு முறை கத்தினாள்.
மூன்றாம் முறை கத்தவில்லை,
என் தலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.
ஐம்பத்து மூன்று பேரோடு வண்டி
பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

டாக்டர் ஷமீமா மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டார்.
சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை
கீழாநெல்லியோடு போய்விட்டதாக
வீட்டில் எல்லோரும் நம்பினோம்.
முப்பது வருடமாக
டிக்கெட் எடுக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.
கல்லீரல் இறுகிக் கல்லாகிவிட்டது,
உள்ளே போக முடியாத ரத்தம்
சந்துபொந்தில் புகுந்து
உணவுக்குழாய் நரம்புகளைப் புடைக்க வைத்திருக்கிறது என்றார்.
"தீபாவளிக்கு முதல் நாள் கல்லுக்கட்டி மாதிரி" என்றேன்.
ஊருக்குப் புதுசு. "அது எங்கே?" என்றார்.

தொண்டை மரக்க ஒரு மருந்து, வாழைப்பழ வாசத்தில்.
பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம்.
விரல் தடிமனில் கறுப்புக் குழாய்,
அதன் நுனித் தொப்பியைச் சுற்றி
ஆறு ரப்பர் பேண்டு.
புடைத்ததை உறிஞ்சித் தொப்பிக்குள் இழுத்ததும்
திரை முழுக்கச் சிவப்பு.
குமிழைத் திருகினார். ஒன்று விழுந்தது.
எனக்கு அரை மயக்கம், இருந்தும் எண்ணினேன்.
எண்ணுவதுதானே தொழில்.

ரப்பர் பேண்டு எனக்குத் தெரியாததா?
இருபத்திரண்டு வருடமாக இடது மணிக்கட்டில் நாலைந்து கிடக்கின்றன.
ஒன்று அறுந்து ஒருநாள் நோட்டுக் கட்டு
ஜன்னல் வழியே பறந்தது,
சம்பளத்தில் பிடித்தார்கள்.
"அறுந்துட்டா?"
"அறாது. ஒரு வாரத்தில் நரம்பு வாடி உதிரும்,
வளையமும் தானாக உதிரும்.
அதுவரை ஆறின கஞ்சி, மோர்."
வீட்டில் சீப்புச் சீடை டின் பரணுக்குப் போனது.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை.
முதலில் ஆறு, அடுத்து நாலு,
அதற்கடுத்து மறுபடி ஐந்து.
"இதுக்கும் கேட்காவிட்டால் மதுரையில் பைபாஸ்" என்றார்.
கழுத்து வழியாகக் கம்பி விட்டுக்
கல்லீரலுக்குள்ளேயே குழாய் பதிப்பார்களாம்.
இல்லையென்றால் வயிற்றைத் திறந்து
ரத்தத்துக்கு வேறு பாதை தைப்பார்களாம்.
"அதில் கெடுதல்?"
"கல்லீரல் கழுவ வேண்டியது கழுவாமல் தலைக்கு ஏறும்.
பெயர் மறக்கும். ராத்திரி பகலாகும்."
பைபாஸ் ரைடரைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்?
ஊருக்குள் வராத வண்டி.
இறங்க வேண்டியவர்களை
இருட்டில் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போகும்.

திரும்பி வரும்போது மகன்
"நான் கொஞ்சம் கல்லீரல் குடுத்தா..." என்று ஆரம்பித்தான்.
நான் பஸ் டைம் அட்டவணையைப் படித்தேன்,
மனப்பாடமாகத் தெரிந்ததை,
மேலிருந்து கீழே.

இப்போது பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் வேலை.
நேற்று கூடைக்காரம்மா வந்தாள்.
உடம்பு எப்படி என்று கேட்கவில்லை.
"அந்தச் சேலைக் கறை போகவே இல்லய்யா,
கிழிச்சு அடுப்படிக்குப் போட்டுட்டேன்" என்றாள்.
சேலைக்குக் காசு நீட்டினேன்.
"புதுசாவா எடுத்துத் தரப்போற? வை உள்ள."
ஏறிக்கொண்டாள்.
வண்டி கிளம்பிய நேரம்
எட்டு நாற்பத்திரண்டு.
இரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதவில்லை.