எடையில் சேராதவை

தராசிலிருந்து போட்டோக்களை மட்டும்
பொறுக்கி வெளியே போடுகிறான் அமானுல்லா.
"இது கூழாவாதுக்கா. மில்லுல திருப்பி அனுப்பிடுவான்.
நீயே எடுத்துக்கோ."

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது.
சரக்கு வண்டி முழுசாய்ப் போய் முடிவதற்குள்
ஒரு பை நிறைய முகங்கள், காசில்லாமல்.
காகிதத்துக்குத்தான் காசு. கிலோ பதினாலு.

எழுபத்தொன்றாம் வருஷத்து அடகு ரசீது,
ஒரு ஜோடி கம்மல், மீட்டதாகக் குறிப்பில்லை.
சினிமா டிக்கெட்டின் முதுகில் யாரோ போட்ட கணக்கு:
அரிசி, மண்ணெண்ணெய், மூத்தவளுக்கு நோட்டு.
கூட்டல் தப்பு.
ரங்கூன் முத்திரை குத்திய உறை.
உள்ளே ஒன்றுமில்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

மைதா காய்ச்சித் துத்தம் போடுகிறேன்,
போஸ்டர் ஒட்டும் டில்லிபாபு சொன்ன அளவு.
"துத்தம் கம்மியாச்சுன்னா
கரப்பான் வந்து தலைவர் மூக்கைத் தின்னுடும்."

கார்த்திகை. எதுவும் காய மாட்டேன் என்கிறது.
எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் சாம்பல்
ஈரப் பசைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
முதலில் ஊதிக்கொண்டிருந்தேன்.
இப்போது அதற்கென்றே மேல் ஓரத்தில்
கொஞ்சம் வானம் விட்டுவைக்கிறேன்.

அந்தப் படம் நேற்றைய பையில் வந்தது.
அட்டைத் தூண், துணியில் வரைந்த ஏரி.
நாற்காலியில் ஒருத்தி, பலூன் கை ரவிக்கை,
வாட்ச் தெரியட்டுமென்று
திருப்பி வைத்த மணிக்கட்டு.
பக்கத்தில் நின்ற ஆளைக் காணோம்.
தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.
அதையும் எடுத்தால்
அவள் தோள் போய்விடும்.

எனக்கு முன்பே யாரோ
என்னுடையதைவிட நல்ல கத்தரிக்கோலால்
இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.
கழுத்தோரம் வளையும் இடத்தில்கூட
கை நடுங்கவில்லை.

விரல்களுக்கு ஆள் தேடினேன்.
துறைமுகப் பாஸிலிருந்த மீசைக்காரரை நிறுத்தினேன்,
தலை தூணுக்கு மேலே போனது.
பெரம்பூர்க் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர்
கையுறை போட்டிருந்தான்.
முதல் நற்கருணைச் சிறுவனுக்கு எட்டவில்லை.
பெயர் தெரியாத ஒரு நர்ஸ்
அப்படியே பொருந்தினாள்.
ஏனோ பயந்துபோய் அவளை எடுத்துவிட்டேன்.

ஒட்டுவதற்கு முன்
எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பேன்.
அப்புறம் அந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது.
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
'இதுல நான் நல்லா விழுந்திருக்கேன்.
அதனால வச்சிக்கிட்டேன்.'

கிண்ணத்தில் பசை ஆடை கட்டிவிட்டது.
திரும்பக் காய்ச்சினேன்.
அடகு ரசீதின்மேல் அவளை வைத்து
இடது ஓரத்துக்கு மட்டும் பசை தடவினேன்,
கதவு மாதிரி.

காலையில் பார்த்தால்
வாட்ச்சின்மேல் சாம்பல்.
அதை மட்டும் ஊதினேன்.