பச்சை வாத்து

காலை ஒன்பது பத்துக்கு
என் மகள் தேனம்மை
பச்சை வாத்தின் மேல் உட்கார்ந்தாள்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கிய வாத்து.
ஒரு மாதமாக அவள் பொம்மைதான்
அதில் இருந்து எழுந்தது.
இவளோ
ஆத்தங்குடிக் கல்லில் பூத்த பூவுக்கெல்லாம்
அறை அறையாகத் தண்ணீர் ஊற்றிவந்தாள்.
பின்னாலேயே நான், துணியோடு.

இன்று முகம் சிவந்தது.
பெரிய கணக்குப் போடுகிறவள்போல்
என் கட்டைவிரலை இறுக்கிக்கொண்டாள்.
நான் மூச்சு விடவில்லை.

"அப்பச்சி, வந்துருச்சு."

தேவகோட்டைக் கிளையில்
கவுன்ட்டரில் இருந்தவளுக்குப் போன் போட்டேன்.
"வந்துருச்சா!" கத்தியேவிட்டாள் உமையாள்.
வரிசையில் யாரோ,
"லோனாம்மா?" என்பது கேட்டது.
"அதைவிடப் பெரிசுங்க."

பீங்கானில் கொட்டித் தண்ணீர் விட்டதும்தான்
அழுகை.
எங்க போச்சு, எங்க போச்சு என்று.
தானாகச் செய்த முதல் பொருள்,
அம்மாவிடம் காட்டுவதற்குள் போய்விட்டதே.
"ஊருக்குப் போயிருக்கு" என்றேன்.
குனிந்து
டாட்டா காட்டினாள்.

மாலை உமையாள் செருப்பைக் கழற்றுமுன்
கூடத்தில் ஒரு சிவப்புப் பூ நனைந்திருந்தது.
நேற்று ஐந்து.
துணியைத் தேடிக்கொண்டே சொன்னேன்:
இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு.