ராத்தலுக்குப் பதினாறு

வாகையடி முக்கில் மைதீன் பிச்சை கடை.
பலகை மேல் மூன்று துப்பாக்கிகள்,
மூன்றும் வாய்வழியே மருந்து தின்பவை.

"ராத்தல் ஈயத்துல இதுக்கு முப்பத்தாறு குண்டு,
இதுக்குப் பதினாறு,
அந்தத் தடியனுக்குப் பன்னிரண்டே.
எண்ணு குறையக் குறைய
குண்டு பெருக்கும்வே, மறந்துராதியும்."
சுண்டுவிரல், மோதிரவிரல், கட்டைவிரல் என்று
ஒவ்வொரு வாயிலும் விட்டுக் காட்டினார்.

"பன்றிக்கா?"
"மிளாவுக்கு."
"முப்பத்தாறு ஒண்ணு வச்சிருக்கீரே."

மடியை அவிழ்த்து
ஓர் ஈயத்துண்டைப் பலகையில் வைத்தேன்.
மொச்சைப் பயறு மாதிரி நசுங்கியது.

போன ஐப்பசி. கடனாநதிக்கு மேலே
ஈத்தங்காட்டு ஓரம், எழுபது தப்படி.
பட்டதைக் கேட்டேன்:
ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கும் சத்தம்.
மிளா விழவில்லை.
முதல் நாள் இலை மேல் ரத்தம்.
மறுநாள் கல் மேல் ஒரு துளி.
அதற்கடுத்த நாள் ஈ.
ஈயைத் தொடர்ந்து போனேன்.
ஓடைக்குள் முன்னங்கால் மடித்து
உயிரோடு கிடந்தது.
கண்ணைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.
அரிவாள்தான் முடித்து வைத்தது.
தோள்பட்டை எலும்பைத் தாண்டாமல்
அங்கேயே பாய் விரித்திருந்தது குண்டு.

மைதீன் பிச்சை அதைத் தராசில் இட்டார்.
மறுதட்டில் புது முப்பத்தாறு.
முள் ஏறக்குறைய நடுவில் நின்றது.
"எடை எங்கயும் போகலை" என்றார்,
"போக வேண்டிய இடத்துக்கும் போகலை."

பதினாறை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே சுழன்று சுழன்று ஓடும் வரிகள்,
மரை என்பார் கொல்லர்.
காட்டுமானுக்கும் பழந்தமிழில் மரை என்று பேர்.
குழலுக்குள் ஓடுவது மரை,
குழலுக்கு முன்னால் ஓடுவதும் மரை.
நடுவில் நான்,
எண்ணிக்கை பார்க்கிறவன்.

பன்னிரண்டையும் தூக்கிப் பார்த்தேன்.
மலையின் முதல் மடக்கிலேயே கை நடுங்கும்.
நடுங்கும் கைக்குப் பெருங்குண்டு எதற்கு?

பதினாறே போதும்.
குறைகிற கனத்தைக் காலால் அடைக்க வேண்டும்:
நாற்பது தப்படிக்குள் போ,
காற்றுக்கு எதிரே போ,
முடியாவிட்டால் வீட்டுக்குப் போ.
ஒரு முறை வெடித்தபின்
மருந்து கொட்டி, எண்ணெய்த் துணி சுற்றி,
கோலால் இடித்து நிமிர்வதற்குள்
காடு காலியாகிவிடும்.

விலை கேட்டுச் செண்பகவடிவு
இரண்டு நாள் பேசவில்லை.
உழவு மாட்டுக்கு வைத்திருந்த பணம்.
அப்புறம் அவளே ஓர் இரும்புக் கரண்டியைத் தந்தாள்,
"இதைத் திரும்ப அடுக்களைக்குள்ள கொண்டு வராதீக."

ராத்தலில் கொஞ்சம் குறைத்து எடுத்து
நசுங்கிய பயறையும் சேர்த்துப் போட்டேன்.
சற்று நேரம் அடியில் கிடந்தது.
பிறகு இல்லை.

அச்சில் ஊற்றி, தட்டி, ஆறவிட்டு எண்ணினேன்.
பதினாறு.

எதில் அது இருக்கிறதென்று
உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்க்கிறேன்.
எல்லாம் ஒரே கனம்.